180 கட்டுரைகள் எழுதினேன், கூகுளில் 41தான் இருக்கிறது

கேள்வி: சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது பற்றித் தமிழில் ஓர் இணையதளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸ்தான். இதுவரை 180 கட்டுரைகள். ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரு டெவலப்பரை வைத்து டிசைனை மாற்றினேன். அதன்பிறகு எழுதிய எதுவும் கூகுளில் வரவில்லை. முன்பு வந்துகொண்டிருந்த கட்டுரைகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கூகுள் தளக்காரர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் இண்டெக்ஸ் (கூகுளின் தேடல் பட்டியலில் சேர்வது) ஆனவை 41, ஆகாதவை 632 என்று காட்டுகிறது. எழுதியதே 180தான், 632 எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை. தினமும் ‘ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்’ பொத்தானை அழுத்துகிறேன். சைட்மேப்பை (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) நீக்கி நீக்கிச் சேர்த்தும் பார்த்துவிட்டேன். பணம் கட்டினால் 48 மணி நேரத்தில் எல்லாப் பக்கங்களையும் இண்டெக்ஸ் செய்து தருவதாக ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டலாமா? தமிழில் யுஆர்எல் வைத்ததுதான் காரணமோ என்றும் சந்தேகம். மூன்று பக்கங்களின் முகவரிகளையும் ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: பணம் கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் தளத்தில் இருப்பது ஒரே கோளாறு இல்லை, மூன்று தனித்தனிக் கோளாறுகள். நீங்கள் மூன்றுக்கும் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 632. வேர்ட்பிரஸ் நீங்கள் எழுதும் கட்டுரைகளை மட்டும் பக்கமாக்குவதில்லை. ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம், ஆசிரியர் பெயருக்கு ஒன்று, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு ஃபீட் என்று பெருக்கிக்கொண்டே போகும். பழைய நிறுவல் என்றால் நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு படத்துக்கும்கூட ஒரு தனிப்பக்கம் இருக்கும். 2023இல் வந்த 6.4 பதிப்பு முதல் புதிதாக நிறுவுபவர்களுக்குத்தான் இந்தப் படப் பக்கங்கள் இல்லை; உங்களைப் போன்ற பழைய தளங்களில் அப்படியே தொடரும். கூகுள் இவற்றையெல்லாம் கண்டுபிடித்துக் கணக்கில் வைத்திருக்கிறது, இண்டெக்ஸில் சேர்க்கவில்லை. அது சரியான முடிவுதான். கடிகார முள் ஒன்றின் படம் மட்டும் இருக்கும் பக்கம் தேடலில் வந்து யாருக்கு என்ன பயன்?

எனவே அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அறிக்கையின் மேலே ‘ஆல் நோன் பேஜஸ்’ என்று இருப்பதை ‘ஆல் சப்மிட்டட் பேஜஸ்’ என்று மாற்றுங்கள். சைட்மேப்பில் நீங்களாகக் கொடுத்த பக்கங்கள் மட்டும் மிஞ்சும். கவலைப்பட வேண்டிய பட்டியல் அதுதான். ‘பேஜ் வித் ரீடைரக்ட்’ என்ற வரியைத் தொடவே வேண்டாம். ரீடைரக்ட் ஆகும், அதாவது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் முகவரி இண்டெக்ஸில் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. கூகுளில் ‘சைட்’ என்று போட்டு முகவரியைத் தேடி எண்ணிக்கை பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அந்த எண் தோராயம்தான்.

இனி நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களுக்கு வருவோம். ஒரு பக்கம் தேடலில் வர வேண்டுமென்றால் கூகுள் முதலில் அதன் முகவரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் கூகுளின் தானியங்கி நிரலான கூகுள்பாட் வந்து படிக்க வேண்டும். படித்ததை வைத்துக்கொள்ளலாம் என்று கூகுள் முடிவெடுக்க வேண்டும். உங்கள் மூன்று பக்கங்களும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிட்டன.

முதல் பக்கம், போன மாதம் எழுதிய எண்ணெயிடும் கட்டுரை. ஸ்கிரீன்ஷாட்டில் ‘டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்துகளைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. சைட்மேப் என்ற இடத்தில் உங்கள் சைட்மேப் முகவரி இருக்கிறது. ‘ரெஃபரிங் பேஜ்’ என்ற இடத்தில் ‘நன் டிடெக்டட்’. ‘லாஸ்ட் க்ரால்’ (கூகுள்பாட் கடைசியாக வந்து படித்த நாள்) என்ற இடத்தில் ‘என்/ஏ’. அதாவது சைட்மேப் மூலம் முகவரி தெரியும். உங்கள் தளத்தின் வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இதற்கு ஒரு லிங்க்கூடக் கண்ணில் படவில்லை. கூகுள்பாட் இன்னும் எட்டியே பார்க்கவில்லை.

ஏன் என்று உங்கள் முகப்பைத் திறந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. பழைய டிசைனில் பக்கவாட்டில் பிரிவுகளின் பட்டியல் இருந்திருக்கிறது, புதியதில் அது இல்லை. முகப்பில் பத்துக் கட்டுரைகள், கீழே ‘மேலும் காட்டு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அடுத்த பத்து வருகின்றன, முகவரி மாறுவதில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுள்பாட் எதையும் அழுத்தாது. ஜாவாஸ்கிரிப்ட் புரியாததால் அல்ல. 2019 முதல் அது குரோம் உலாவியின் அடிப்படையான புது குரோமியத்தை வைத்துத்தான் பக்கங்களை இயக்கிப் பார்க்கிறது. பொத்தானை அழுத்துவது, மனிதரைப் போல ஸ்க்ரோல் செய்துகொண்டே போவது ஆகிய இரண்டையும்தான் அது செய்வதில்லை. ஆக உங்கள் தளத்துக்குள் லிங்க் வழியாகப் போய்ச் சேரக்கூடிய கட்டுரைகள் பத்தே பத்து. புதிதாக ஒன்று எழுதியதும் பதினோராவது கட்டுரை வழியில்லாமல் நின்றுவிடுகிறது. பழைய கட்டுரைகள் ஒவ்வொன்றாக மறைவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

டெவலப்பரிடம் இப்படிக் கேளுங்கள்: முகப்பிலும் பிரிவுப் பக்கங்களிலும் 2, 3, 4 என்று எண் போட்ட பக்கங்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி வேண்டும், அவை உண்மையான லிங்குகளாக இருக்க வேண்டும். ‘மேலும் காட்டு’ பொத்தான் வேண்டுமென்றால் இருக்கட்டும், அதன் அடியில் இந்த லிங்குகள் இருந்தால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். இரண்டாம், மூன்றாம் பக்கங்களின் கனானிக்கலை (‘இதுதான் மூல முகவரி’ என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) முதல் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பழக்கம் பல டெவலப்பர்களுக்கு உண்டு. ‘எல்லாம் ஒரே பட்டியல்தானே’ என்பார்கள். ஒரே பட்டியல் இல்லை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கட்டுரைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் கனானிக்கலும் அந்தப் பக்கத்தையே காட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சர்ச் கன்சோலில் பிரிவுப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து ‘டெஸ்ட் லைவ் யுஆர்எல்’ போடுங்கள். முடிந்ததும் ‘வியூ டெஸ்டட் பேஜ்’ என்பதைத் திறந்தால் கூகுளுக்குத் தெரியும் எச்டிஎம்எல் அப்படியே வரும். அதில் உங்கள் பழைய கட்டுரை ஒன்றின் முகவரியைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் சரி. கிடைக்கவில்லை என்றால் டெவலப்பர் என்ன சொன்னாலும் வேலை முடியவில்லை. இந்தச் சோதனை கூகுளின் மொபைல் பாட் கண்ணில் படுவதைக் காட்டுகிறது. இண்டெக்ஸ் செய்ய இப்போது அதைத்தான் கூகுள் பயன்படுத்துகிறது. அந்த மாற்றம் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. கணினித் திரையில் மட்டும் ஏற்றப்படும் லிங்குகள் உங்களுக்கு உதவாது.

கட்டுரைக்குள் கட்டுரைக்கு லிங்க் கொடுப்பதையும் பழகிக்கொள்ளுங்கள். எண்ணெயிடும் கட்டுரையில் மெயின்ஸ்ப்ரிங்கைப் (கடிகாரத்தை ஓட்டும் சுருள் விசை) பற்றி மூன்று முறை பேசுகிறீர்கள், உங்களிடமே மெயின்ஸ்ப்ரிங் பற்றி நல்ல கட்டுரை இருக்கிறது, ஒரு லிங்க்கூட இல்லை. படிப்பவருக்கும் அது வேண்டியதுதானே.

முதல் பக்கத்தின் இந்த நிலைக்கு இன்னொரு காரணமும் இருப்பதுண்டு: சர்வர் திணறினால் கூகுள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ‘பிறகு வருகிறேன்’ என்று போய்விடும். கன்சோலின் செட்டிங்ஸில் ‘க்ரால் ஸ்டாட்ஸ்’ இருக்கிறது. 90 நாள் கணக்கு அதில் கிடைக்கும். டிசைன் மாறிய பிறகு பதில் தரும் நேரம் எகிறியிருந்தாலோ 5இல் தொடங்கும் எண்ணுள்ள சர்வர் பிழைகள் நிறைய இருந்தாலோ ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பேசுங்கள். ‘க்ரால் பட்ஜெட்’ (ஒரு தளத்தில் கூகுள்பாட் படிக்கும் பக்கங்களின் அளவு) என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். லட்சக்கணக்கில் பக்கங்கள் உள்ள தளங்களின் கவலை அது, 180 பக்கத் தளத்துக்கு இல்லை.

இரண்டாவது பக்கம்தான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. நிலை: ‘ஆல்டர்னேட் பேஜ் வித் ப்ராப்பர் கனானிக்கல் டேக்’. கேட்பதற்கு ஏதோ நல்ல செய்தி போல இருக்கிறது. கீழே ‘யூசர் டிக்ளேர்டு கனானிக்கல்’ என்ற இடத்தில் இருக்கும் முகவரியைப் படியுங்கள். அது உங்கள் தளமே இல்லை. டெவலப்பர் புது டிசைனைச் சோதிப்பதற்காக வைத்திருந்த தளத்தின் முகவரி. அந்த நாட்களில் நீங்கள் திருத்திய கட்டுரைகளின் கனானிக்கல் கட்டத்தில் எஸ்இஓ ப்ளகின் (தேடலுக்கேற்பத் தளத்தை அமைக்க உதவும் துணை நிரல்) வழியாக அந்த முகவரி ஏறி, அப்படியே உங்கள் தளத்துக்கு வந்துவிட்டது. ‘இதன் மூலப் பக்கம் அங்கே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்களே கூகுளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சோதனைத் தளமும் இன்னும் திறந்தே கிடக்கிறது. கூகுளும் சொன்னபடி கேட்டிருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் உங்கள் தளத்தில் அந்தக் கட்டத்தைக் காலி செய்யுங்கள். காலியாக இருந்தால் ப்ளகின் சரியான முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். பிறகு சோதனைத் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் தளத்தில் அதற்கு நேரான பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுதல்) செய்யச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் முகப்புக்கு அல்ல. ஒரு வருடமாவது அது இருக்கட்டும். அடுத்த முறை டிசைன் மாற்றும்போது சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால் போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரோபாட்ஸ் கோப்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் குறிச்சொல் பக்கங்களை ஒழிக்க அடுத்து அங்கேதான் போவீர்கள். ரோபாட்ஸ் கோப்பு ‘உள்ளே வராதே’ என்கிறது. நோஇண்டெக்ஸ் குறி ‘வா, படி, ஆனால் தேடலில் காட்டாதே’ என்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்துக்குப் போட்டால், உள்ளே வர முடியாத கூகுள்பாட் அந்த நோஇண்டெக்ஸைப் படிக்கவே முடியாது. வேறெங்காவது லிங்க் இருந்தால் வெறும் முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கும். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் வித்தையை 2019 செப்டம்பரோடு கூகுள் கைவிட்டுவிட்டது. குறிச்சொல் பக்கங்கள் தேடலில் வேண்டாம் என்றால் ப்ளகினில் நோஇண்டெக்ஸ் மட்டும் போடுங்கள்.

மூன்றாவது பக்கம், ‘க்ரால்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’. இங்கே எந்தத் தடையும் இல்லை. கூகுள்பாட் வந்தது, படித்தது, எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இந்த நிலையில்தான் எல்லோரும் தொழில்நுட்பக் காரணம் தேடி அலைகிறார்கள். கட்டுரையைப் படித்தேன். இதே தலைப்பில் மாடல் எண் மட்டும் மாறி உங்களிடம் இன்னும் பல பக்கங்கள் இருக்கின்றன. பின்மூடியைத் திற, விசையைத் தளர்த்து, மெயின்ஸ்ப்ரிங்கை எடு, புதியதைப் போடு. எல்லாவற்றிலும் அதே வரிகள், அதே வரிசை. மாடலுக்கு மாடல் மாறும் தகவல் ஸ்ப்ரிங்கின் அளவு மட்டும்தான், அதையும் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

இவற்றை ஒரே கட்டுரையாக்குங்கள். பொதுவான செய்முறையை ஒருமுறை விரிவாக எழுதி, மாடல்வாரியான அளவுகளை ஓர் அட்டவணையில் போடுங்கள். பழைய முகவரிகளை அந்தப் புதுப் பக்கத்துக்கு 301 செய்யுங்கள். உண்மையிலேயே வேறு மாதிரியான சிக்கல் உள்ள மாடல்களுக்கு மட்டும் தனிப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உங்களிடமே இருக்கிறது: திருகு உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டதை எப்படி எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கும் கட்டுரை. லிங்க் எதுவும் இல்லாமல் கிடந்தும் அது இண்டெக்ஸில் இருக்கிறது. இது உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம்: 180ஐ 120 ஆக்குவது நஷ்டம் போலத் தோன்றும். என் கணிப்பில் அந்த 120இன் பெரும்பகுதி உள்ளே வரும். இப்போதுள்ள 180 வராது. எல்லாப் பக்கங்களையும் சேர்த்துக்கொள்வதாகக் கூகுள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, அதன் உதவிப் பக்கங்களிலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

‘ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்’ பொத்தானின் வேலை, ‘இந்தப் பக்கத்தை வந்து பார்’ என்று வரிசையில் பெயர் சேர்ப்பது மட்டும்தான். தினசரி வரம்பு உண்டு. ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் வேகம் கூடாது. பக்கத்தில் நிஜமாகவே எதையாவது மாற்றிய பிறகு ஒரு தடவை அழுத்துங்கள், போதும். சைட்மேப்பை நீக்கிச் சேர்ப்பதிலும் பயனில்லை. ஒருமுறை கொடுத்தால் கூகுள் தானாக வந்து பார்த்துக்கொள்ளும். அதில் கடைசியாகத் திருத்திய தேதி உண்மையாக இருந்தால் கூகுள் அதை மதிக்கும். முன்னுரிமை எண், எத்தனை நாளுக்கொரு முறை மாறும் என்ற குறிப்பு இரண்டையும் அது கண்டுகொள்வதே இல்லை. தேதியை மட்டும் தினமும் புதுப்பித்துக் காட்டும் ப்ளகின்கள் இருக்கின்றன. கூகுள் அந்தத் தேதியையும் நம்பாமல் போய்விடும், வைக்காதீர்கள்.

இனி அந்த 48 மணி நேர மின்னஞ்சல். இவர்கள் பெரும்பாலும் கூகுளின் இண்டெக்ஸிங் ஏபிஐ (நிரல்கள் கூகுளுக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் வழி) வழியாக உங்கள் முகவரிகளைத் தள்ளுவார்கள். அது வேலைவாய்ப்பு அறிவிப்புப் பக்கங்களுக்கும் நேரலை வீடியோ பக்கங்களுக்கும் மட்டுமானது. மற்ற பக்கங்களை அதில் போட்டால் கூகுள்பாட் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம், சில பக்கங்கள் சில நாள் தேடலில் தலைகாட்டவும் செய்யலாம். அந்தச் சில நாளில் அவர்கள் பணத்தை வாங்கியிருப்பார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இந்த வேலைக்கு சர்ச் கன்சோலில் ‘ஓனர்’ அனுமதி கேட்பார்கள். அந்த அனுமதி உள்ளவர் நினைத்தால் உங்கள் தளத்தையே சுமார் ஆறு மாதம் தேடலிலிருந்து மறைக்கக் கோரிக்கை கொடுக்க முடியும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே செட்டிங்ஸில் ‘யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்’ போய் நீக்குங்கள், அவர்கள் தளத்தில் ஏற்றிய சரிபார்ப்புக் கோப்பு ஏதும் மிச்சமிருந்தால் அதையும் சேர்த்து.

தமிழ் யுஆர்எல்லால் இண்டெக்ஸ் ஆவதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் வேர்ட்பிரஸில் ஒரு கணக்கு இருக்கிறது. ‘க’ என்ற ஓர் எழுத்தே முகவரிக்குள் போகும்போது சதவீதக் குறிகளோடு ஒன்பது இடத்தைப் பிடிக்கும். புள்ளியோ கொம்போ சேர்ந்தால் அதற்கும் தனியாக ஒன்பது. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு 200 இடம்தான் தருகிறது, அதனால் நீளமான தமிழ்த் தலைப்புகள் பாதியில் வெட்டுப்படும். உங்கள் மெயின்ஸ்ப்ரிங் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரித் தொடங்கி இறுதியில் 2, 3, 4 என்று முடிவது அதனால்தான். மாடல் எண் வெட்டுப்பட்டுவிட்டது. இனி எழுதுபவற்றுக்கு இரண்டு மூன்று சொற்களில் முகவரியை நீங்களே கொடுங்கள். பழையவற்றைத் தொடாதீர்கள். இருக்கும் குழப்பத்தில் முகவரி மாற்றமும் சேர்ந்தால் எதனால் எது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பிங் தேடலுக்கும் ஒரு கணக்குத் தொடங்குங்கள். சர்ச் கன்சோலிலிருந்தே தளத்தை அங்கே இறக்குமதி செய்துகொள்ளலாம். மைக்ரோசாப்டும் யாண்டெக்ஸும் 2021இல் கொண்டுவந்த ‘இண்டெக்ஸ்நவ்’ வசதியை ஒரு ப்ளகினால் இயக்கிவிட்டால் புதுக் கட்டுரை வந்ததும் பிங்குக்குத் தானாகத் தகவல் போகும். கூகுள் இதில் சேரவில்லை.

கனானிக்கலை இன்றே சரிசெய்யுங்கள், அது சில நிமிட வேலை. பட்டியல் பக்கங்களை டெவலப்பரிடம் கொடுங்கள். கட்டுரைகளை ஒன்றாக்குவதை நிதானமாகச் செய்யலாம். கனானிக்கல் வரியில் ‘வேலிடேட் ஃபிக்ஸ்’ கொடுத்துவிட்டுச் சில வாரங்கள் பொறுங்கள். கூகுள்பாட் மறுபடி வந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகும். இரண்டு மாதம் கழித்தும் முதல் பக்கத்தின் ‘லாஸ்ட் க்ரால்’ கட்டத்தில் தேதி வரவில்லை என்றால், அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் க்ரால் ஸ்டாட்ஸ் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். செக்யூரிட்டி ப்ளகினோ ஃபயர்வாலோ கூகுள்பாட்டை வாசலில் நிறுத்துகிறதா என்று அப்போது சர்வர் பதிவுகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.